திங்கள் தொழில்

பிரசாந்தி கெட்டிக்காரி. அதை அவளிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம், மறைக்கமாட்டாள். கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், உயர்ந்த மதிலுக்குள் இருந்த ஒரு வீட்டின் மேல்மாடிதான் அவர்களுடைய மென்பொருள் நிறுவனம். ஒன்பது பேர் வேலை செய்தார்கள். ஆளுக்கொரு பக்கம் எழுதித் தள்ளும் நிரல்களெல்லாம் கடைசியில் எப்படி ஒன்றுசேர வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒருவரின் மகள், முப்பத்து நான்கு வயது, வாய் கொஞ்சம் நீளம். வாய்க்கு ஏற்ற மூளையும் இருந்ததால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றின் தலைவரும் செயலாளரும் அவர்களுடைய ‘இணைவு’ மென்பொருளைப் பார்க்க வந்திருந்தார்கள். பிரசாந்திக்கு இப்படியான காலை என்றால் உச்சி குளிர்ந்துவிடும். சுவரில் பெரிய திரை. கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் ஒரு சின்னக் குச்சி. எதிரே, எதுவும் தெரியாத இரண்டு பேர்.

அவள் விளங்கப்படுத்திய விதம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பலகை, அதில் நிறையத் துளைகள். சங்கத்துக்குத் தேவையான பகுதியைப் பிளக் மாதிரிச் சொருகிக்கொள்ளலாம். தேவையில்லை என்றால் கழற்றலாம். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் அலுவலகத்தில் ‘சொருகி’ என்றே பேர். பால் அளப்பதற்கு ஒரு சொருகி, மாட்டு வைத்தியர் வரும் நாளுக்கு ஒரு சொருகி. ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றதெல்லாம் தன்பாட்டில் ஓடும். சொன்னதோடு நில்லாமல் ஒன்றைப் பிடுங்கியும் காட்டினாள். மற்றவை ஓடின. செயலாளர் தலையை ஆட்டினார்.

இத்தனைக்கும் அடியில் ஒரு சட்டம் இருந்தது. அது பிரசாந்தி போட்ட சட்டம். ஒரு சொருகி இன்னொரு சொருகியின் அலுவலில் தலையிடக் கூடாது. நடுப்பலகை எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கி, தன் வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஒன்றையொன்று விசாரிக்கத் தொடங்கினால் ஒன்றைக் கழற்றும்போது எல்லாம் சேர்ந்து விழும் என்பது அவளுடைய வாதம். போன வருடம் ஜெரோசன் இதில் அவளோடு முட்டுப்பட்டான். ஜெரோசன் குருநகர்ப் பெடியன், அலுவலகத்தில் அவளுக்கு அடுத்தபடி கெட்டிக்காரன். மீனவர் சங்கத்துக்கென்று, படகு நேரத்துக்குக் கரைக்கு வராவிட்டால் அடிக்கும் எச்சரிக்கை மணிச் சொருகியை எழுதியவன் அவன்தான். மணியை அடிக்க முன்னரும் அடிக்காமல் விட முன்னரும் பதிவைத் திருப்பி ஒருதரம் சரிபார்க்க வேண்டும் என்றான். பிரசாந்தி விடவில்லை. மணி மணியாக இருக்கட்டும், பொலிஸ்காரர் வேலை பார்க்க வேண்டாம் என்று பகிடியாகச் சொல்லி முடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

பால் சங்கத்துத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். ஒன்று பிழையான தகவல் தந்தால் மற்றது அதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்றார். கண்டுபிடிக்கத் தேவையே இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் கொடுக்கிறோம் என்றாள் பிரசாந்தி. அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உடனே உதாரணத்துக்குத் தாவினாள். சண்டிலிப்பாய் மரக்கறிச் செய்கையாளர் சங்கத்துக்கு என்று ஒரு விடுமுறை நாட்காட்டி செய்திருந்தார்கள். எந்தெந்த நாள் சங்கம் பூட்டு என்று அங்கத்தவர்களுக்கு அறிவிக்கும். பூட்டிய நாளில் ஒன்றும் பதிய விடாது. அதே சொருகியை, ஈஸ்டர் கழிந்த கையோடு, குருநகர்க் கரையில் உள்ள பொன்னலை மீனவர் சங்கத்துக்கும் சொருகிக் கொடுத்தாள். ஐந்து நிமிடம். ஒரு வரி மாற்றவில்லை.

“தோட்டக்காரருக்குச் செய்தது, கடற்றொழிலாளருக்கும் பொருந்தீட்டுது. உதுதான் ஐயா எங்கடை திறமை,” என்றாள்.

பொன்னலைச் சங்கத்தின் பலகையைத் திரையில் விரித்தாள். படகுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை. பச்சை என்றால் பயமில்லை. வர வேண்டிய நேரம் தாண்டினால் சிவப்பாகி, சங்கத்தில் பதிந்த எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் மணி அடிக்கும். அன்று ஒரு சிவப்பும் இல்லை.

அப்போதுதான் ஜெரோசன் கதவடியில் வந்து நின்றான். ஆட்கள் இருக்கும்போது உள்ளே வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

“அக்கா, அண்ணை இன்னும் வரேல்லையாம்.”

அண்ணை என்றது எமில்ராஜை. ஜெரோசனுக்கு இருந்த ஒரே சகோதரம். தேவராசா என்கிற வயதான கூட்டாளியோடு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடலுக்குப் போனவன். விடிய ஆறு மணிக்கு, பிந்தினால் ஏழு மணிக்கு, கரைக்கு வந்திருக்க வேண்டும். எமில்ராஜின் மனைவி லவீனா ஏழரைக்கே சங்கத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். சங்கத்து எழுதுவினைஞர் மார்கிரட் திரையைப் பார்த்துவிட்டு, பச்சைதான் பிள்ளை, மணியும் அடிக்கவில்லை, பயப்படாமல் போ என்று அனுப்பிவிட்டார். எட்டு மணிக்கு லவீனா ஜெரோசனுக்குத் தொலைபேசி அடித்தாள். அவனும் அதையேதான் சொன்னான். தன் மணியில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்போது திரும்பவும், அழுதுகொண்டு அடித்திருக்கிறாள். எமில்ராஜின் கைத்தொலைபேசியோ தொடர்பில் இல்லை.

பிரசாந்திக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது எரிச்சல். இதை ஒளித்து என்ன பயன்? பயம் அல்ல, எரிச்சல்தான் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் இப்படிக் கதைக்கிறானே என்றுதான் நினைத்தாள். திரையிலேயே காட்டி அவனைச் சமாதானப்படுத்தலாம், வந்தவர்களுக்கும் அது ஒரு காட்சியாக இருக்கும் என்று எமில்ராஜின் படகை அழுத்தினாள். விபரம் பெரிதாக விரிந்தது.

புறப்பாடு: திங்கள், மாலை 5.00. வர வேண்டியது: செவ்வாய், காலை 7.00.

சுவர் மணிக்கூட்டில் பத்து இருபது. திங்கட்கிழமை காலை பத்து இருபது. மென்பொருளின் கணக்கில் எமில்ராஜ் இன்னும் புறப்படவே இல்லை. இன்னும் ஆறரை மணித்தியாலம் கழித்துத்தான் கடலுக்குப் போகப் போகிறான். அதனால் பச்சை.

அறையில் இருந்த நான்கு பேரும் அதை வாசித்தார்கள். பிரசாந்தி இன்னொருதரம் வாசித்தாள். மார்கிரட் பிழையாகப் பதிந்திருக்கிறார், வேறென்ன என்று மனம் உடனே ஓர் ஆளைத் தேடிப் பிடித்தது. ஜெரோசன் அதற்குள் மார்கிரட்டுக்கு அழைப்பு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்திருந்தான்.

“மார்கிரட் அன்ரி, எமில்ராஜின்ரை வள்ளத்துக்கு ஏன் இண்டைக்குத் திகதி போட்டனீங்கள்?” என்று கேட்டாள் பிரசாந்தி. “அவர் நேற்றெல்லோ போனவர்.”

“ஞாயிறு எண்டு போட்டா அது எடுக்காதே பிள்ளை. விடுமுறை எண்டு காட்டும். நீங்கள்தானே திங்கள் எண்டு போடச் சொன்னனீங்கள்.”

அவ்வளவுதான். மார்கிரட்டின் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. படித்த பிள்ளை சொன்னதை அப்படியே செய்த ஒருவரின் குரல் அது.

பிரசாந்திக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாட்காட்டி சொருகிய அடுத்த ஞாயிறு. சண்டிலிப்பாயில் ஒரு கலியாண வீடு. பந்தியில் இருந்தபோது மார்கிரட்டின் அழைப்பு வந்தது. வலது கை சோற்றில், இடது கையில் தொலைபேசி. படகுகள் வெளிக்கிடுகின்றன, பதிய விடுகுதில்லை என்றார் மார்கிரட். ஞாயிறு தொழில் இல்லை என்று நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள் என்று இவள் கேட்டாள். ஓம், ஞாயிறு தொழில் இல்லைத்தான் என்றார் அவர். அதில் அவருக்கு ஒரு முரணும் இல்லை. குருநகரில் யாருக்கும் இல்லை. சனி இரவு யாரும் வலை போடுவதில்லை. ஞாயிறு பூசை கண்டு, மத்தியானம் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுத்து எழும்பி, வெயில் தாழக் கடலில் இறங்கினால் அது திங்கள் தொழில். வலை இழுப்பதும் மீன் விற்பதும் திங்கள்தானே. பாட்டன் பூட்டன் காலம் தொட்டு அங்கே நாள் அப்படித்தான் எண்ணப்படுகிறது.

சண்டிலிப்பாயில் நாள் விடியலில் தொடங்கும். குருநகரில் வேறு விதமாகத் தொடங்கலாம் என்று பிரசாந்தி நினைத்துப் பார்க்கவே இல்லை. சோறு ஆறுகிறதே என்ற அவசரத்தில், “அப்ப திங்கள் எண்டே போடுங்கோ அன்ரி,” என்று சொல்லி வைத்துவிட்டாள். நேரம் சங்கத்தின் வழமைப்படி மாலை ஐந்து என்று தானாக விழும். முழுதாக ஒரு நாள் பிந்திய கணக்கு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்று பாயாசம் குடித்தாள்.

ஜெரோசன் அவளைப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்து, கோயில் மணியை அடிக்கச் சொல்லுங்கோ அன்ரி, அண்ணையைக் காணவில்லை என்று ஆட்களுக்குச் சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னான். பிறகு கடற்படைக்கு அடித்தான், தெரிந்த படகுக்காரர் நாலைந்து பேருக்கு அடித்தான். படியில் இறங்கும்போதும் கதைத்துக்கொண்டே போனான். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முகப்பைத் தாண்டும் சத்தம் கேட்டது. வட்டுக்கோட்டைக்காரர் இருவரும் எழுந்து நின்றார்கள். தலைவர் திரையை இன்னொருதரம் பார்த்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு போனார். அவர் கேட்ட கேள்விக்கு அவள் கால் மணித்தியாலத்துக்கு முன்தான் மறுமொழி சொல்லியிருந்தாள்.

உடனே புறப்பட்டிருக்க வேண்டும். அவள் கணினியின் முன்னால் போய் இருந்தாள். ஏதாவது ஒரு சொருகி பழுதாகியிருக்க வேண்டும் என்று இன்னும் நம்பினாள். பிழைகள் பதிவாகும் பக்கத்தைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது. வரவுப் பதிவுகளைத் திறந்தாள்.

பதினொரு திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது படகுகள். காலை ஆறு மணிக்குக் கரைக்கு வந்திருந்தன; அதே நாள் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டிருந்தன. போவதற்கு முன்பே திரும்பி வந்த படகுகள். சின்னப் பிள்ளையிடம் காட்டினாலும் சிரிக்கும். பதினொரு வாரமாக அந்த மென்பொருள் இதை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. படகு வந்தது என்று சொன்னால் வரவுச் சொருகி பதிந்தது. எப்போது போனது என்று கேட்பது அதன் வேலை இல்லை. நாட்காட்டி ஞாயிறை மறித்தது, அது அதன் வேலை. மணி நேரம் வரும்வரை காத்திருந்தது, அது அதன் வேலை. ஒன்றிலும் பிழை இல்லை. அவள் வரைந்தபடியே எல்லாம் அச்சொட்டாக நடந்திருந்தது. அதுதான் அவளை உறைய வைத்தது.

அவள் ஸ்கூட்டியில் குருநகர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னரே பன்னிரண்டு படகுகள் தேடிப் போயிருந்தன. கோயில் மணி கேட்ட கால் மணித்தியாலத்துக்குள் போய்விட்டார்கள் என்றார்கள். அவ்வளவு கெதியாகப் போகக் கூடியவர்கள் காலை ஏழு மணிக்கும் அதே கரையில்தான் நின்றிருக்கிறார்கள். வலை உதறியிருக்கிறார்கள், தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள்.

சங்கத்து அறையில் லவீனா மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிரசாந்தி அவளை முன்பு ஒருதரம், அலுவலக ஒன்றுகூடலில், கண்டிருக்கிறாள். சிரிப்புக்காரி. இப்போது முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஏழரைக்கு வந்தனான்,” என்றாள் லவீனா, யாரும் கேட்காமலே. “பச்சை எண்டு சொன்னவை. நான் வீட்டை போய்ச் சோறு வைச்சன்.”

பிரசாந்தி மார்கிரட்டின் மேசையடிக்குப் போனாள். லவீனா ஜெரோசன் பக்கம் திரும்பி, மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள். அவன் நிலத்தைப் பார்த்தபடி, பிழை விட்டிட்டம் அண்ணி என்றான். யார் விட்டது என்று அவன் சொல்லவில்லை. அறை வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர், உன்ரை மணியை நம்பித்தானே இருந்தம் என்று அவனைப் பார்த்துச் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். பிரசாந்தி அங்கேதான் நின்றாள். நான் என்று சொல்ல ஒரு சொல் போதும். அதற்குப் பதிலாக மார்கிரட்டின் கணினியில் குனிந்து, நாட்காட்டியைக் கழற்றினாள். அவளுடைய கைகளுக்கு அந்த நேரத்தில் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தன்பாட்டில் ஓடியது.

இரண்டரை மணிக்குப் படகுகள் திரும்பின. பன்னிரண்டும் ஒன்றாக, மெதுவாக வந்தன. அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். பிரசாந்திக்குத் தெரியாது. ஒருவரையும் தவறவிடாமல் கண்டுபிடித்துவிட்டார்கள் போல என்று ஒரு கணம் ஆறுதல்கூட அடைந்தாள். பிறகு பெண்கள் கத்தத் தொடங்கினார்கள்.

முதலாவது படகிலிருந்து தேவராசாவைத் தூக்கி இறக்கினார்கள். உதடு வெடித்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. இரண்டாவது படகில் படங்குத் துணி போட்டு மூடியிருந்தது.

தேவராசா தண்ணீர் குடித்தார். ஆஸ்பத்திரிக்கு ஏற்ற முன்னர், விட்டு விட்டு, நடந்ததைச் சொன்னார். விடியச் சாமம் நாலு மணி போல அலை ஒன்று பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்தது. அவருடைய தோள்மூட்டு கழன்றுவிட்டது. இரண்டு பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். விடிந்தபோது தூரத்தில் ஒரு மணல்திட்டு தெரிந்தது. அவரால் நீந்த முடியாது, எமில்ராஜால் முடியும். அவன் சின்ன வயதிலிருந்தே கடலில் ஓடிப் பிடித்து விளையாடிய நீச்சல்காரன். போடா, நீ போய்த் தப்படா என்று எத்தனையோ தரம் சொன்னாராம்.

“கேக்கேல்லை,” என்றார் தேவராசா. “ஏழு மணிக்கு மணி அடிக்கும், எட்டரைக்கு ஆக்கள் வந்திடுவினம், வள்ளத்தை விட்டிட்டுப் போனாத் தேடி வாறவைக்குத் தெரியாமல் போயிடும் எண்டவன். தம்பி செய்தது பிழைக்காது எண்டவன்.”

படகில் எஞ்சியிருந்த கயிற்றால் தேவராசாவைப் படகோடு சேர்த்துக் கட்டினான். தனக்குக் கயிறு இல்லை. வெயில் ஏறியது. இப்ப மணி அடிச்சிருக்கும், இப்ப வெளிக்கிட்டிருப்பினம், இப்ப பாதித் தூரம் வந்திருப்பினம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே கிடந்தானாம். பிறகு கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டான். உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முந்தி அவன் கை வழுக்கியது. தேவராசா கட்டுப்பட்டுக் கிடந்தார், எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகுமுன் முதற்படகு வந்து சேர்ந்தது.

ஜெரோசன் இதை முழுதும் நின்றபடியே கேட்டான். தம்பி செய்தது பிழைக்காது என்ற இடத்தில் அவன் மடங்கி மணலில் இருந்தான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

மரண விசாரணை முடிந்து அன்றைக்கே உடலைக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய் காலை ஆறரைக்குப் பிரசாந்தி செத்த வீட்டுக்குப் போனாள். இரவு கண் மூடவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று வசனம். அதற்கு மேல் இல்லை.

ஜெரோசன் படலைக்கு வெளியே, மதிலோடு ஒட்டிய ஒரு கதிரையில் தனியாக இருந்தான். சொந்த அண்ணனின் செத்த வீட்டில் அவன் வெளியே இருந்தான். பிரசாந்தி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“திங்கள் எண்டு நான் கண்டிருந்தாலும் சரியெண்டுதான் நினைச்சிருப்பன் அக்கா,” என்றான் அவன். “எங்களுக்கு அது திங்கள்தானே.”

மன்னித்தானா, தன்னைத்தானே குற்றம் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பெண்களோடு பெண்ணாக, லவீனாவுக்கு இரண்டு கை தூரத்தில் நிலத்தில் இருந்தாள். செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எமில்ராஜ் வெள்ளைச் சேர்ட்டும் கறுத்தக் காற்சட்டையும் போட்டுப் பெட்டிக்குள் படுத்திருந்தான். செபம் முடியட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஒரு கைத்தொலைபேசி அடித்தது. செத்த வீட்டில் இப்படி அடிக்கலாமா என்று யாரோ திரும்பிப் பார்க்க முன்னர் இன்னொன்று அடித்தது. பிறகு எல்லாம் அடித்தன. சட்டைப் பைகளுக்குள், கைப்பைகளுக்குள், பந்தலில் இருந்த ஆண்களின் மடிகளுக்குள், முற்றத்தில், ஒழுங்கையில், ஒரே சத்தம். ஏங்கி ஏங்கி ஒலிக்கும் எச்சரிக்கை மணி. நாற்பது ஐம்பது திரைகளில் ஒரே சிவப்பு. எமில்ராஜின் படகு இன்னும் கரைக்கு வரவில்லை. உடனே தேடவும்.

நாட்காட்டியை அவள் கழற்றியிருந்தாள். ஆனால் ஏற்கெனவே பதிந்த பதிவு அங்கேயே கிடந்தது. செவ்வாய் காலை ஏழு மணி. சொன்ன நேரத்துக்கு, ஒரு விநாடி பிசகாமல், ஜெரோசனின் மணி அடித்தது.

செபம் நின்றுபோயிற்று. எல்லோரும் தங்கள் தொலைபேசிகளை எடுத்துப் பார்த்தார்கள். முற்றத்தில் யாரோ, இப்ப அடிக்குது பார் உவன்ரை மணி என்று படலைப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

பிரசாந்தி எழுந்தாள்.

“அது ஜெரோசன்ரை பிழை இல்லை,” என்றாள். மணிச் சத்தத்தை மிஞ்சக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. “மணி சரியாத்தான் அடிக்குது. எமில்ராஜ் திங்கட்கிழமை போனவர் எண்டு அதுக்குச் சொல்ல வைச்சது நான்.”

லவீனா தலையை நிமிர்த்தினாள். அவள் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால் பிரசாந்தி தாங்கியிருப்பாள். கோபம் வருவதற்கு வேண்டிய பலம்கூட அந்த முகத்தில் இல்லை. மடியில் அலறிக்கொண்டிருந்த தன் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.

“முதல்லை உதை நிப்பாட்டுங்கோ.”

அந்த மணியை அங்கத்தவரின் தொலைபேசியில் நிறுத்த முடியாது. சத்தத்தைக் குறைத்தாலும் குறையாது. நித்திரைக் கலக்கத்தில் யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக, சங்கத்தின் அனுமதி உள்ளவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓயும் என்று விதி வைத்தவள் பிரசாந்திதான். வேறு வழி ஒன்றும் வைக்கவில்லை. அனுமதி மார்கிரட்டிடமும் அவளிடமும் மட்டுமே இருந்தது. மார்கிரட் சுவரோடு சாய்ந்து, தொலைபேசியைத் தொடவே மாட்டேன் என்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிரசாந்தி தன்னுடைய தொலைபேசியைத் திறந்தாள். எமில்ராஜின் பெயர் சிவப்பில் துடித்தது. அதற்குக் கீழே அந்தப் பொத்தான். ‘கரைக்கு வந்து சேர்ந்தார்.’

அவளால் அழுத்த முடியவில்லை. ஏதோ ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியது. லவீனா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொலைபேசியில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுப் பெட்டியில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அமத்துங்கோ,” என்றாள்.

பிரசாந்தி அழுத்தினாள். எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக ஓய்ந்தன. எமில்ராஜின் பெயருக்கு எதிரே பச்சை விழுந்தது.